ஒயர்களுக்கு எண் தந்த பட்டறை: ராபர்ட் போஷ் வாழ்க்கை

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு மைக்கோ என்ற பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆடுகோடியில் பெரிய தொழிற்சாலை இருந்தது. மைக்கோ லேஅவுட் என்று ஒரு பேட்டை. மோட்டார் இன்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்பதன் சுருக்கமே மைக்கோ. 1951ம் ஆண்டு தொடங்கிய இந்தக் கம்பெனி, 2008ம் ஆண்டில் போஷ் என்று பெயர் மாறியது.

போஷ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் பிறந்து, கூலிக்கு வேலை செய்து, சொந்தப் பட்டறை வைத்து, உலகமெங்கும் ஓடும் மோட்டார் வண்டிகளுக்குத் தீப்பொறி தந்தவர். பெங்களூரில் கம்பெனி தொடங்கியபோது அவர் இறந்து 9 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கார் எலெக்ட்ரீஷியன் கடையில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ரிலேயின் அடியிலும், ஸ்டார்ட்டர் மோட்டாரிலும், இக்னிஷன் சுவிட்சின் பின்புறத்திலும் 15, 30, 31, 50, 85, 87 என்று சின்னச் சின்ன எண்கள் பொறித்திருக்கும். பலர் இதை உதிரிப்பாகத்தின் நம்பர் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது பாகத்தின் நம்பர் அல்ல. எந்த ஒயர் எங்கே சேர வேண்டும் என்று சொல்லும் முகவரி. அந்த முகவரிகள் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் வழக்கத்தில் வளர்ந்து, பிறகு ஜெர்மனியின் தர நிர்ணயமாகவே ஆனவை.

அந்த மனிதரின் வாழ்க்கை வரலாறு இது.

சத்திரத்துக்காரர் மகன்

ஜெர்மனியின் தெற்கே உல்ம் என்று ஒரு நகரம். அதன் அருகே ஆல்பெக் என்ற கிராமம். அங்கே 1861ம் ஆண்டு செப்டம்பர் 23ந் தேதி ராபர்ட் போஷ் பிறந்தார். தந்தை செர்வாட்டியுஸ் போஷ், நிலம் வைத்திருந்த விவசாயி. வண்டிக்காரர்கள் தங்கிச் செல்லும் சத்திரம் ஒன்றையும் நடத்தி வந்தார். தாயார் பெயர் மார்கரெட்டே. அவர்களுக்குப் பிறந்த 12 குழந்தைகளில் ராபர்ட் 11வது குழந்தை.

ரெயில் பாதை வந்தது. சரக்கு வண்டிகள் குறைந்தன. வண்டிக்காரர்களை நம்பி நடந்த சத்திரத்துக்கு இனி எதிர்காலம் இல்லை என்று தந்தை முன்கூட்டியே உணர்ந்தார். 1869ம் ஆண்டில் சொத்தை விற்றுவிட்டுக் குடும்பத்துடன் உல்ம் நகரில் குடியேறினார். புதிய வாகனம் வந்தால் பழைய பிழைப்பு போகும் என்ற பாடத்தை ராபர்ட் 8 வயதிலேயே வீட்டில் கண்டுவிட்டார்.

பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. 1876ல், 15 வயதில், நுண்கருவிகள் செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அங்கே மூன்று ஆண்டுகள். ஆனால் முதலாளி பையன்களுக்கு அக்கறையாகக் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொள்ள வந்த வயதில் காலம் வீணானதே என்ற குறை ராபர்ட்டுக்குக் கடைசிவரை இருந்தது. பின்னாளில் அவர் 1913ம் ஆண்டு தமது தொழிற்சாலையில் பயிற்சிப் பையன்களுக்கென்றே தனிப் பட்டறை அமைத்தார். தாம் பட்ட குறை தம்மிடம் வருகிறவர்களுக்கு வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

அமெரிக்காவில் கூலித் தொழிலாளி

பயிற்சி முடிந்ததும் ஊர் ஊராகச் சென்று வேலை பார்த்தார். 1880ல் தந்தை காலமானார். ராணுவத்தில் ஓராண்டு இருந்தார். ஸ்டட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சிறிது காலம் பாடம் கேட்டார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் மின்சாரத்தின் அடிப்படை அங்கே பிடிபட்டது. மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டால் ஏற்பட்ட தயக்கம் நீங்கியது.

1884ம் ஆண்டில் கப்பலேறி அமெரிக்கா சென்றார். அப்போது மின்சாரம் என்றாலே எடிசன் பெயர்தான் உலகெங்கும் பேசப்பட்டது. நியூயார்க்கில் எடிசனின் எந்திரத் தொழிற்சாலையில் ராபர்ட் சாதாரணத் தொழிலாளியாக வேலை செய்தார்.

அங்கே அவர் தொழிலை மட்டும் பார்க்கவில்லை. தொழிலாளர் பட்ட பாட்டையும் பார்த்தார். வேலை இருக்கும் நாள் சம்பளம்; இல்லாத நாள் பட்டினி. தொழிலாளர் வீரர்கள் சங்கம் என்று அன்று பெயர் பெற்றிருந்த அமைப்பில் அவரும் உறுப்பினரானார். சுதந்திர நாடு என்று கனவு கண்டு போனவருக்கு, அங்கும் பணக்காரனுக்கு ஒரு நியாயம், ஏழைக்கு ஒரு நியாயம் என்று தோன்றியது. ஓராண்டுக்குப் பின் இங்கிலாந்து வந்து, சீமென்ஸ் சகோதரர்கள் கம்பெனியில் சில மாதங்கள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.

பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போய், மொழி தெரியாத இடத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த அனுபவத்தின் அருமை தெரியும். சொந்த ஊரில் பத்து ஆண்டுகளில் கற்பதை வெளியூரில் ஓராண்டில் கற்றுவிடலாம்.

மூன்று பேர் பட்டறை

1886ம் ஆண்டு நவம்பர் 15ந் தேதி, ஸ்டட்கார்ட் நகரில் ஒரு கட்டிடத்தின் பின்புறத்தில் ராபர்ட் போஷ் பட்டறை திறந்தார். அப்போது அவருக்கு வயது 25. தந்தை விட்டுச் சென்ற சொத்தில் தமக்கு வந்த பங்கிலிருந்து 10,000 மார்க் முதல் போட்டார். அவரைத் தவிர ஒரு மெக்கானிக், ஓர் எடுபிடிப் பையன். மொத்தம் மூன்று பேர்.

எந்த வேலை வந்தாலும் செய்தார்கள். மின்சார மணி பொருத்தினார்கள். டெலிபோன் இழுத்தார்கள். மற்றவர்கள் செய்ய மறுத்த சில்லறை வேலைகளும் இங்கே வந்தன. மறு ஆண்டில் அன்னா கைசர் என்ற பெண்ணை மணந்துகொண்டார்.

பத்து ஆண்டுகள் பெரும் போராட்டமாகவே கழிந்தன. சிறிது வளர்வதும், பிறகு வேலை இல்லாமல் ஆட்களை நிறுத்துவதுமாக இருந்தது. கடன் கேட்டு உறவினர்களிடம் போக வேண்டி வந்தது. வாடிக்கையாளர்களின் வீடுகளுக்கு நேரில் போய், செய்த வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சைக்கிள் வாங்கினார். அந்த ஊரில் சைக்கிள் அரிதாக இருந்த காலம் அது.

எத்தனை நெருக்கடி வந்தாலும் ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மட்டமான சரக்கை வெளியே விடமாட்டார். பணம் போனாலும் போகட்டும், வாங்கியவரின் நம்பிக்கை போகக்கூடாது என்பது அவர் கொள்கை.

தீப்பொறி பிறந்தது

1887ம் ஆண்டில் ஒரு சிறிய எந்திரத் தயாரிப்பாளர் அவரிடம் வந்தார். கேஸ் என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மாக்னெட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டார். டாய்ட்ஸ் என்ஜின் கம்பெனி செய்த கருவி ஒன்று ஷோர்ன்டார்ஃப் என்ற ஊரில் இருந்தது. ராபர்ட் அங்கே போய்ப் பார்த்தார். அதற்குக் காப்புரிமை இல்லை என்று தெரிந்துகொண்டார். அதைப் பார்த்து, திருத்தி, மேலும் உறுதியாகச் செய்து கொடுத்தார்.

மாக்னெட்டோ என்பது என்ன? காந்தத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே, கம்பிச் சுருள் சுற்றிய ஓர் இரும்புத் துண்டு அசைகிறது. அப்படி அசையும்போது கம்பியில் மின்சாரம் உண்டாகிறது. பாட்டரியே தேவையில்லை. என்ஜின் சுற்றினால் போதும்; தீப்பொறி தானே வரும்.

அந்த நாளில் மோட்டார் வண்டிகளில் தீ மூட்டுவது பெரிய பிரச்சினை. சிலர் பர்னர் வைத்து ஒரு குழாயைப் பழுக்கக் காய்ச்சினார்கள். பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே நெருப்பு! வண்டி கவிழ்ந்தால் சாம்பல்தான். சிலர் பாட்டரி வைத்தார்கள். அன்றைய பாட்டரி பாதி வழியில் தீர்ந்துவிடும்.

1897ம் ஆண்டு பிரெடரிக் சிம்ஸ் என்ற வியாபாரி, பிரான்சில் செய்த டி டியோன் பூட்டோன் மூன்று சக்கர வண்டி ஒன்றை ஸ்டட்கார்ட்டுக்கு அனுப்பினார். அதற்கு மாக்னெட்டோ பொருத்த முடியுமா என்பது கேள்வி. ஓரிடத்தில் நின்று ஓடும் என்ஜினைவிட இந்த என்ஜின் பல மடங்கு வேகம். பழைய கருவி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பட்டறையில் இருந்த ஆர்னால்டு சேரிங்கர் வழி கண்டுபிடித்தார். கனமான சுருளை அசையாமல் நிறுத்தி, அதைச் சுற்றி ஒரு லேசான உறையை மட்டும் ஆட விட்டார். வண்டி ஓடியது! வியாபாரமும் ஓடத் தொடங்கியது.

1902ம் ஆண்டில் காட்லோப் ஹோனோல்டு என்ற பொறியாளர் அடுத்த பெரிய படியை எடுத்து வைத்தார். ஹோனோல்டு முன்பு அதே பட்டறையில் பயிற்சிப் பையனாக இருந்தவர். உயர்ந்த அழுத்த மின்சாரம் தரும் மாக்னெட்டோவையும், அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் அவர் உருவாக்கினார். பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே தீப்பொறி தானே தாவியது. 1903ல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் பந்தயத்தில் ழெனாட்சி ஓட்டிய மெர்சிடீஸ் கார் வென்றபோது, அதில் இருந்தது போஷ் மாக்னெட்டோ. பெயர் உலகெங்கும் பரவியது.

இதில் ராபர்ட் போஷின் பெருமை எது? பெரிய கண்டுபிடிப்புகளை அவர் தாமே செய்யவில்லை. செய்யத் தெரிந்தவர்களைக் கண்டுபிடித்தார். அவர்களுக்கு இடமும் பொருளும் சுதந்திரமும் கொடுத்தார். அந்தப் பெருமை அவர்களுக்கே போய்ச் சேர விட்டார்.

எட்டு மணி நேர வேலை

1906ம் ஆண்டில் ஒரு லட்சமாவது மாக்னெட்டோ வெளிவந்தது. அதே ஆண்டில் ராபர்ட் போஷ் தமது தொழிற்சாலையில் 8 மணி நேர வேலை முறையைக் கொண்டுவந்தார். 10 மணி நேர வேலை சாதாரணமாக இருந்த காலம் அது. மற்ற முதலாளிகள் திடுக்கிட்டார்கள். சிவப்புப் போஷ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

இது தர்மம் அல்ல, கணக்கு என்பதே அவர் விளக்கம். களைத்த கை தவறு செய்யும். தவறு செய்தால் சரக்கு கெடும். 8 மணி நேரமாக இரண்டு ஷிப்டு வைத்தால் எந்திரம் 16 மணி நேரம் ஓடும். தொழிலாளிக்கு ஓய்வு, முதலாளிக்கு லாபம். 1910ல் சனிக்கிழமை பிற்பகல் விடுமுறையும் வந்தது. நல்ல சம்பளமும் கொடுத்தார். தம்மிடம் பணம் இருப்பதால் நல்ல சம்பளம் தரவில்லை. நல்ல சம்பளம் தருவதால்தான் தம்மிடம் பணம் இருக்கிறது என்பது அவர் வாதம்.

அதே மனிதர் சிக்கனத்தில் கறார் பேர்வழி. ஆபீசில் தரையில் கிடந்த பேப்பர் கிளிப்பை எடுத்து, இது என்ன என்று குமாஸ்தாவிடம் கேட்டாராம். கிளிப் என்று பதில் வந்ததும், இல்லை, இது என் பணம் என்று திருத்தினாராம். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் தாமே அணைப்பார். இப்படிப் பல கதைகளை அவரைப் பற்றிச் சொல்வதுண்டு.

ஆனால் உறவு எப்போதும் சுமுகமாக இருக்கவில்லை. 1913ம் ஆண்டு அவருடைய தொழிற்சாலையிலேயே வேலைநிறுத்தம் நடந்தது. அவர் கதவடைப்புச் செய்தார். தொழிலாளர் சங்கத்தில் ஒரு காலத்தில் உறுப்பினராக இருந்தவர், அதன் பிறகு முதலாளிகள் சங்கத்தில் சேர்ந்தார். இரு பக்கத்திலும் மனக்கசப்பு. நல்லது செய்கிற முதலாளியும் முதலாளிதான் என்று தொழிலாளர் கண்டார்கள். நல்லது செய்தாலும் நன்றி இல்லையே என்று அவர் வருந்தினார். எட்டு மணி நேர வேலை மட்டும் நிலைத்து நின்றது.

ஒயர்கள் பெருகின

மாக்னெட்டோ மட்டும் இருந்த காலத்தில் வண்டியில் ஒயர் மிகக் குறைவு. 1913ல் போஷ் கம்பெனி டைனமோ, பாட்டரி, ஹெட்லைட் சேர்ந்த விளக்குத் தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார். 1921ல் மின்சார ஹாரன். 1925ல் பாட்டரி இக்னிஷன். 1926ல் வைப்பர். 1928ல் திரும்பும் திசையைக் காட்டும் கருவி. ஒவ்வொன்றும் வரும்போது ஒயர்களும் கூடின. ஒரு கட்டாக நூல் பந்துபோல் ஒயர்கள் டாஷ்போர்டுக்குப் பின்னால் சேர்ந்தன.

எந்த ஒயர் எது? செய்தவனுக்குத் தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பால் பழுது பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பேசும் மொழியும் வேறு. எனவே சொல்லுக்குப் பதில் எண் வைத்தார்கள். எண்ணுக்கு மொழி இல்லை. ஸ்டட்கார்ட்டில் 30 என்றால் என்னவோ, அதுவேதான் சிவாஜிநகரிலும் 30.

இந்த எண் ஒயரின் எண் அல்ல. ஒயர் சேரும் முனையின் எண் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதனால் ஒரே ஒயரின் இரண்டு முனைகளில் இரண்டு எண்கள் இருக்கலாம்.

முக்கியமானவை சில:

30 என்பது பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து நேராக வருவது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

15 என்பது சாவியைத் திருப்பிய பிறகு மட்டும் மின்சாரம் வரும் முனை. 31 என்பது எர்த், அதாவது வண்டியின் உடம்பு. 31பி என்பது சுவிட்ச் அல்லது ரிலே வழியாக எர்த்துக்குப் போவது. 50 என்பது ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் உயிர் பெற்று, ஸ்டார்ட்டரை இயக்குவது.

1 என்பது இக்னிஷன் காயிலின் குறைந்த அழுத்தப் பக்கம். 4 என்பது உயர் அழுத்தம் வெளியே வரும் இடம். 2 என்பது மாக்னெட்டோவை நிறுத்தும் முனை. மாக்னெட்டோவுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வருவதில்லை; எனவே அதை அணைக்க மின்சாரத்தைத் துண்டித்துப் பயனில்லை. அதன் முனையை எர்த்தில் தொடவிட வேண்டும். இன்றைய காரில் மாக்னெட்டோ இல்லை. ஆனாலும் அந்த 2 என்ற எண் பட்டியலில் இருக்கிறது. ராபர்ட் போஷின் முதல் சரக்கின் சுவடு அது.

விளக்குகளில் 56 ஹெட்லைட். 56ஏ தூர வெளிச்சம். 56பி கிட்ட வெளிச்சம். 58 பார்க்கிங், பின் விளக்குகள். 54 பிரேக் லைட். பிளாஷருக்கு 49 உள்ளே, 49ஏ வெளியே. எல் இடது, ஆர் வலது. 53 வைப்பர் மோட்டார். 61 சார்ஜ் விளக்கு.

ரிலேயில் 85, 86 இரண்டும் உள்ளே உள்ள காயிலின் முனைகள். அதில் சிறிய மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் இழுத்து, 30ல் வந்து நிற்கும் பெரிய மின்சாரத்தை 87 வழியாக அனுப்பும். 87ஏ என்று இருந்தால், ரிலே வேலை செய்யாத நேரத்தில் இணைந்திருக்கும் முனை. ஹெட்லைட் சுவிட்ச் உருகாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

நிறத்தை நம்பலாமா?

எண்ணுடன் நிறமும் உண்டு. ஜெர்மன் முறையில் 30க்குச் சிவப்பு, 15க்குக் கறுப்பு, எர்த்துக்குப் பழுப்பு, 58க்குச் சாம்பல், தூர வெளிச்சத்துக்கு வெள்ளை, கிட்ட வெளிச்சத்துக்கு மஞ்சள். இரண்டு நிறம் இருந்தால் முதல் நிறம் ஒயரின் உடம்பு; இரண்டாவது அதன் மேல் ஓடும் கோடு. கறுப்பில் வெள்ளைக் கோடு இடது இண்டிகேட்டர். கறுப்பில் பச்சைக் கோடு வலது. கறுப்பில் சிவப்புக் கோடு பிரேக் லைட். வரைபடத்தில் நிறத்தோடு 1.5, 2.5 என்று எண் இருந்தால் அது செம்பின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்.

ஆனால் இங்கிலாந்தில் வேறு வழக்கம். பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் தொடங்கிய கம்பெனியின் வழியில் வந்த பிரிட்டிஷ் முறையில், பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேராக வரும் பிளஸ்! கறுப்பு என்றால் எர்த். சாவிக்குப் பின் வருவது வெள்ளை. பியூஸ் தாண்டிய பிறகு பச்சை. ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங் விளக்குக்குச் சிவப்பு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் காரில் பழுப்பு எர்த், கறுப்பு உயிர். பிரிட்டிஷ் காரில் கறுப்பு எர்த், பழுப்பு உயிர். நேர் எதிர்! ஜெர்மன் காரில் பழகியவர் பிரிட்டிஷ் காரில் பழுப்பு ஒயரை எர்த் என்று நினைத்துப் பாடியில் முறுக்கினால், பியூஸ் இல்லாத பாதையாக இருந்தால் ஒயர் பழுத்து எரியும். பக்கத்தில் உள்ள ஒயர்களும் சேர்ந்து எரியும். ஒரு நிமிட அவசரத்தில் வண்டியே போய்விடும்.

இந்தியாவில் இரண்டு வழக்கமும் கலந்து வந்தன. மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த அம்பாசிடர் ஒரு பக்கம். சென்னை பாடியில் 1960களில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை வந்தது. பெங்களூரில் போஷ். பின்னால் ஜப்பான், கொரியா கம்பெனிகளும் தத்தம் நிறங்களோடு வந்தன. ஜெர்மன் கம்பெனிகளுமே புதிய கார்களில் பழைய நிறப் பட்டியலை அப்படியே பின்பற்றுவதில்லை.

எனவே நிறம் ஒரு சாட்சி. எண் அதைவிட நல்ல சாட்சி. டெஸ்ட் லாம்ப் கடைசித் தீர்ப்பு. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்தில் கவ்விவிட்டு மறு முனையால் தொட்டுப் பாருங்கள். சாவி இல்லாமலே எரிந்தால் 30. சாவி திருப்பிய பின் எரிந்தால் 15. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் எரிந்தால் 50. புதிய ஒயர் போடும்போது பழைய தடிமனுக்குக் குறையாமல் போட வேண்டும். கழற்றும் முன் எர்த் கேபிளைப் பாட்டரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஏர்பேக், கம்ப்யூட்டர் உள்ள இன்றைய வண்டிகளில் அந்தப் பாதைகளை டெஸ்ட் லாம்பால் தொடக்கூடாது. கம்பெனி வரைபடத்தைப் பார்த்து மீட்டர் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

போரும் துயரமும்

1914ல் முதல் உலகப் போர் மூண்டது. போஷ் சரக்கில் பெரும்பகுதி வெளிநாடுகளில்தான் விற்று வந்தது. அது ஒரே நாளில் நின்றது. அமெரிக்காவில் இருந்த கம்பெனிச் சொத்தை அந்த நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. ஜெர்மனிக்குள் ராணுவ ஆர்டர்கள் குவிந்தன, லாபம் பெருகியது. மனிதர் சாவில் வரும் லாபம் ராபர்ட் போஷுக்கு உறுத்தியது. 1916ல் நெக்கார் ஆற்றில் கப்பல் போக்குவரத்துக் கால்வாய் அமைக்கும் திட்டத்துக்கு 1 கோடியே 30 லட்சம் மார்க் கொடுத்தார். பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தொடர்ந்து கொடுத்து வந்தார்.

வீட்டில் துயரம் வந்தது. தமக்குப் பின் கம்பெனியை நடத்துவான் என்று நம்பிய ஒரே மகன், நெடுநாள் நோயில் 1921ல் இறந்தான். மனைவியுடன் இருந்த வாழ்வும் முறிந்தது. பிறகு மறுமணம் செய்துகொண்டார்.

1927ல் டீசல் என்ஜினுக்கான பியூயல் பம்பு பெருமளவில் தயாராகத் தொடங்கியது. லாரி உலகையே மாற்றிய கருவி அது. பின்னாளில் பெங்களூர் தொழிற்சாலையின் முக்கியச் சரக்கும் அதுவே.

1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். ராபர்ட் போஷ் பிரான்சுடன் சமாதானம் வேண்டும் என்று பாடுபட்டவர்; ஜனநாயகத்தை நம்பியவர். அவரும் அவருடைய நெருங்கிய அதிகாரிகளும் யூதர்கள் பலர் தப்பிச் செல்லப் பணமும் வேலையும் கொடுத்து உதவினார்கள். ஹிட்லரை எதிர்த்துச் சதி செய்த கார்ல் கோர்டெலருக்கு 1937ல் கம்பெனியில் ஆலோசகர் வேலை தந்தார்கள். கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹன்ஸ் வால்ட்சுக்கு, யூதர்களைக் காத்ததற்காக 1969ல் இஸ்ரேல் விருது அளித்தது.

இது ஒரு பக்கம். மறு பக்கமும் சொல்லியாக வேண்டும். அதே கம்பெனி ஹிட்லரின் ராணுவத்துக்குச் சரக்கு செய்தது. இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில், பிற நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்ட ஏறக்குறைய 20,000 பேர் அதன் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை செய்தார்கள். எட்டு மணி நேர வேலை தந்தவரின் பெயர் தாங்கிய தொழிற்சாலையில் அந்தக் கொடுமையும் நடந்தது. ராபர்ட் போஷின் வரலாற்றில் இதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் பேசுவது நியாயம் ஆகாது.

மறைவு

1940ல் ஸ்டட்கார்ட்டில் அவர் பெயரால் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஹோமியோபதியில் அவருக்கு நம்பிக்கை அதிகம். அந்த வைத்தியத்துக்கும் அங்கே இடம் தந்தார். 1942ம் ஆண்டு மார்ச் 12ந் தேதி, 80வது வயதில், ராபர்ட் போஷ் காலமானார். தாம் வெறுத்த அரசாங்கமே அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. வாழ்க்கையின் விந்தைகளில் அதுவும் ஒன்று.

கம்பெனியின் லாபம் பொதுநலத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். 1964ல் கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதி அறநிறுவனத்தின் கைக்கு வந்தது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் அந்தப் பணம் இன்றும் செலவாகிறது.

1922ல் கல்கத்தாவில் ஏஜென்சி மூலம் இந்தியாவுக்கு வந்த போஷ் சரக்கு, 1951க்குப் பின் பெங்களூரிலேயே தயாராயிற்று. ஆடுகோடியில் நடந்த உற்பத்தி பிற்காலத்தில் பிடதிக்கு மாறியது. பட்டறையில் அதிக நாள் நின்றவர்களுக்கு அந்தக் கம்பெனியின் சின்னமும் தெரியும்: வட்டத்துக்குள் ஒரு சுருள் கட்டை. 1918ல் ஹோனோல்டு வரைந்த அது, பழைய மாக்னெட்டோவின் ஆர்மெச்சூர்தான்.

வாடிக்கையாளரின் நம்பிக்கை போகக்கூடாது என்றார் ராபர்ட் போஷ். எட்டாத ஊரில் முகம் தெரியாத ஒரு மெக்கானிக்கும் ஏமாறக்கூடாது என்ற அதே அக்கறைதான் ரிலேயின் அடியில் சின்ன எண்ணாகப் பொறித்திருக்கிறது. அடுத்த முறை ரிலேயைக் கழற்றும்போது, துணியால் துடைத்துவிட்டு அந்த எண்ணைப் படியுங்கள். பிறகு ஒயரை மாட்டுங்கள்.